வால்வில் எழுத்து அழிந்துபோனால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய ரேடியோக்களுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளின் எழுத்து மங்குவதைப் பற்றியே இந்த முறை நிறையக் கடிதங்கள். அதனால் மற்ற விஷயங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் ரேடியோவைத் திறந்து, தூசி படிந்த வால்வு ஒன்றை ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் வெள்ளைக் கறை வந்தது, வால்வில் எழுத்தைக் காணோம். சாய்த்துப் பார்த்தால் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது. எழுத்தை மீட்க வழி உண்டா?

துணிக்குப் போன மை திரும்பி வராது. ஆனால் நிழல் தெரிகிறது என்கிறீர்களே, வால்வின் எண் அதில்தான் இருக்கிறது. அதைப் படித்துவிடலாம். இனி அந்த இடத்தை விரலாலும் தொட வேண்டாம். மற்ற வால்வுகளையும் இப்போதைக்குத் துடைக்க வேண்டாம்.

இந்த எழுத்துகள் பெரும்பாலும் கண்ணாடிக்குள் இறங்கியவை அல்ல. வால்வு தயாரான பிறகு மேலே அச்சிட்ட மெல்லிய மைப் படலம்தான். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மையைப் பிடித்துவைத்திருந்த பசைப்பொருள் காய்ந்துவிடுகிறது. கடைசியில் நிறத்தூள் மட்டும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெளிவாக இருக்கும், தொட்டால் வந்துவிடும்.

மை மூடியிருந்த கண்ணாடியும் திறந்து கிடந்த கண்ணாடியும் ஒரே மாதிரி வயதாவதில்லை. திறந்த பகுதியில் காற்றின் ஈரமும் புகையும் பிசுக்கும் படிந்துகொண்டே இருந்தன. மைக்கு அடியில் இருந்த பகுதி தப்பித்தது. அதனால் ஈரம் பட்டால் இரண்டும் வேறு வேறு விதமாக நனையும். ஓரிடத்தில் நுண்ணிய துளிகளாக நின்று வெளுத்துத் தெரியும். பக்கத்திலேயே மெல்லிய படலமாகப் பரவித் தெளிவாக இருக்கும். இயற்பியலில் இவற்றை மூச்சு உருவங்கள் என்பார்கள். ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு 1911-இல் இவற்றைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்.

செய்முறை சுலபம். வால்வு முழுக்க ஆறியிருக்க வேண்டும். பின்னால் கறுப்புத் துணி ஒன்றை வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு சிறிய விளக்கைப் பக்கவாட்டில், கண்ணாடியை உரசிப் போகும் சாய்வில் வையுங்கள். வாயை அகலத் திறந்து 'ஹா' என்று மெதுவாக மூச்சு விடுங்கள். உதட்டைக் குவித்து ஊதினால் காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் வரும், பனி படியாது. எழுத்து சில விநாடிகள் தோன்றி மறையும். அந்த நேரத்தில் கண்ணால் படிக்க முயல்வதைவிட, போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது மேல். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். பனி படியும்போது தெரியாத ஒரு கோடு அது விலகும்போது தெரிவது உண்டு.

கண்ணாடி வளைவு என்பதால் எண் முழுவதும் ஒரே கோணத்தில் சிக்காது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், தெரியாத இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்ன எண்ணாக இருக்கும் என்று முன்பே யோசித்துவிட்டால் கண் அதையேதான் காட்டும். 3 எட்டாகத் தெரியும், 5 ஆறாகத் தெரியும். முடிந்தால், ரேடியோவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் வீடியோவைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

மூச்சில் தெரியவில்லை என்றால் அடுத்தது குளிர். வால்வைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் சிறிது நேரம் வையுங்கள். வெளியே எடுத்துப் பையைத் திறந்ததும் காற்றின் ஈரம் தானாகக் கண்ணாடியில் படியும். மூச்சுப் பனியைவிட இது அதிக நேரம் நிற்கும். ஃப்ரீசரில் வைப்பவர்களும் உண்டு, நான் வைப்பதில்லை. பின்கள் கண்ணாடிக்குள் நுழையும் இடம்தான் வால்வின் உயிர்நிலை. அங்கே திடீர் வெப்பமாற்றத்தைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. எப்படிச் செய்தாலும், வால்வு நன்றாக உலர்ந்த பிறகே சாக்கெட்டில் சொருக வேண்டும்.

இன்னொரு பழைய வழி, வால்வைத் தலைமுடியில் லேசாக உருட்டுவது. முடியின் எண்ணெய் மை இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் வேறு மாதிரி ஒட்டும், அதனால் எழுத்து தெரியும். ஆனால் மிச்சமிருக்கும் மைத்தூளையும் அது துடைத்துக்கொண்டு போகும். மை அறவே போன வால்வுக்கு மட்டும், வேறு எதுவும் பலிக்காதபோது செய்து பாருங்கள்.

கேள்வி: என் ரேடியோவில் ஐந்து வால்வுகள். நான்கில் எண் இருக்கிறது: இ.சி.எச். 81, இ.எஃப். 89, இ.ஏ.பி.சி. 80, இ.இசட். 80. ஐந்தாவதில் எந்தத் தடயமும் இல்லை, மூச்சுவிட்டும் பார்த்துவிட்டேன். இனி என்ன செய்வது?

பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இ.சி.எச். 81 நிலைய அலையை உள் அலைவரிசைக்கு மாற்றுகிறது. இ.எஃப். 89 அதைப் பெருக்குகிறது. இ.ஏ.பி.சி. 80 அதிலிருந்து ஒலியைப் பிரித்து முதல் கட்டம் பெருக்குகிறது. இ.இசட். 80 மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர். இந்தப் பட்டியலில் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு இல்லை. அதுதான் உங்கள் ஐந்தாவது. இந்தக் கூட்டத்தோடு வழக்கமாக வருவது இ.எல். 84.

வழக்கம் என்பது நிரூபணம் ஆகாது, அதனால் சரிபார்ப்போம். ரேடியோவின் பின்மூடியின் உட்பக்கத்திலோ பெட்டிக்குள்ளோ வால்வுகளின் இடத்தைக் காட்டும் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலர் வால்வையே பார்த்துக்கொண்டிருந்து அதைக் கவனிக்க மாட்டார்கள். காகிதம் இருந்தாலும், முன்பு யாராவது இடம் மாற்றிச் சொருகியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, பெயர் வைத்த முறை. ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையைச் சொல்லும். 'இ' என்றால் 6.3 வோல்ட். 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு. 'பி' என்றால் 300 மில்லி ஆம்பியர் தொடர். 'டி' பேட்டரி ரேடியோவின் 1.4 வோல்ட். அடுத்த எழுத்துகள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும்: 'சி' டிரையோடு (மூன்று மின்முனை உள்ளது), 'எஃப்' சிறிய பென்டோடு (ஐந்து மின்முனை உள்ளது), 'எல்' அவுட்புட் பென்டோடு, 'எம்' மேஜிக் ஐ (நிலையம் சரியாகச் சிக்கியதை ஒளியால் காட்டுவது), 'இசட்' முழு அலை ரெக்டிஃபையர். இரண்டு இலக்க எண்ணில் முதல் இலக்கம் அடிப்பகுதியின் வகை. 8 என்றால் ஒன்பது பின் உள்ள சிறிய கண்ணாடி அடி, 9 என்றால் ஏழு பின், 3 என்றால் எட்டுப் பின் ஆக்டல். உங்கள் நான்கு வால்வும் 'இ', நான்கின் எண்ணும் 8-இல் தொடங்குகிறது. ஐந்தாவதற்கும் ஒன்பது பின் இருந்தால், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது உள்ளே பாருங்கள். இ.எல். 84-இல் நீண்ட பெரிய பிளேட் (உலோகத் தகடு) ஒன்றே ஒன்று நடுவில் நிற்கும். ரெக்டிஃபையரில் கிரிட் கம்பிச் சுருள் எதுவும் இருக்காது. இரட்டை டிரையோடு என்றால் இரண்டு தனித்தனிக் கட்டமைப்புகள் பக்கம் பக்கமாக நிற்கும். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் போதும், இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

அப்புறம் மல்டிமீட்டர். ஒன்பது பின் வால்வுகளில் ஹீட்டர் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். அடிப்பக்கத்தைப் பார்த்தபடி, பின்களுக்கிடையே உள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகாரத் திசையில் எண்ணுங்கள். இ.எல். 84 ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் எடுக்கும், அதாவது சூடான நிலையில் சுமார் 8 ஓம். ஆறிய நிலையில் அது பல மடங்கு குறைந்து ஓரிரு ஓம்தான் காட்டும். அதே உருவத்தில், அதே பின் அமைப்பில் யு.எல். 84 என்றும் ஒன்று உண்டு. அதன் ஹீட்டர் 45 வோல்ட், 0.1 ஆம்பியர், சூடான நிலையில் 450 ஓம். ஆறிய நிலையிலும் பத்துக்கணக்கான ஓம் காட்டும். முதல் எழுத்து முற்றிலும் அழிந்த வால்வில் அந்த எழுத்தை மீட்டரே சொல்லிவிடுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கடைசியாக, சாக்கெட்டின் வயரிங். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மின்தேக்கிகளில் மின்சாரம் மிச்சமில்லை என்று அளந்து உறுதி செய்த பிறகு, கீழே பாருங்கள். 7-ஆம் பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும், 3-ஆம் பின் ஒரு ரெசிஸ்டருக்கும் போக வேண்டும். 9-ஆம் பின்னில் உயர் மின்னழுத்தம் வருவதற்கான வழி தெரிய வேண்டும். இவை ஒத்துப்போனால் இ.எல். 84 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடையாளம் தெரியாத வால்வைச் சொருகி, ஓடுகிறதா பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். அதிலும் 'யு' வரிசை ரேடியோக்களில் ஹீட்டர்கள் எல்லாம் ஒரே சங்கிலி. அதில் 45 வோல்ட் எடுக்க வேண்டிய இடத்தில் 'இ' வால்வைச் சொருகினால், அந்த வோல்ட் மற்ற ஹீட்டர்கள் தலையில் ஏறும். மேலும் இந்த வகை ரேடியோக்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உலோகச் சட்டமே நேராக மின் கம்பியோடு தொடர்பில் இருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: 'இ.சி.சி. 8' வரை படித்துவிட்டேன். கடைசி இலக்கம் மட்டும் பிடிபடவில்லை. 1, 2, 3, 5, 8 என எதுவாகவும் இருக்கலாம் போலிருக்கிறது.

மல்டிமீட்டரை 4-க்கும் 9-க்கும் இடையில் வையுங்கள். தொடர்பு இருந்தால் அது 81, 82, 83 ஆகிய மூன்றில் ஒன்று. இந்த மூன்றிலும் ஹீட்டரின் நடுமுனை 9-ஆம் பின்னுக்கு வரும். தொடர்பு இல்லை என்றால் 85 அல்லது 88 பக்கம் பாருங்கள். அவற்றில் 9-ஆம் பின் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டுக்குப் போகிறது.

81, 82, 83 மூன்றும் பின் அமைப்பிலும் ஹீட்டரிலும் ஒன்று. பெருக்கும் அளவில்தான் வேறுபாடு: பெருக்கக் காரணி 81-க்குச் சுமார் 60, 82-க்குச் சுமார் 17, 83-க்கு 100. வால்வு டெஸ்டர் வைத்திருப்பவர் எளிதில் பிரித்துவிடுவார். அது இல்லாவிட்டால், கண்ணாடியின் அடியில் சிறிய குறியீடு இருக்கிறதா பாருங்கள். அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

கேள்வி: வால்வின் அடிப்பக்கத்தில், பின்களுக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில் இரண்டு வரிச் சிறு எழுத்துகள். மேல் வரி 'ஆர்.எக்ஸ்.' என்று தொடங்குகிறது, கீழ் வரி 'பி' என்று. இது என்ன? இதுவும் அழிந்துவிடுமா?

உங்களுக்கு நல்ல வால்வு கிடைத்திருக்கிறது. பிலிப்ஸ் குழும ஆலைகள் தங்கள் கணக்குக்காக வைத்த குறியீடு இது. பெரும்பாலும் கண்ணாடியை அரித்து எழுதியது, அதனால் மேலே அச்சிட்ட பெயரைவிடப் பல மடங்கு நிலைக்கும். மேலே எல்லாம் போன பிறகும் இது மட்டும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

மேல் வரி வால்வின் வகை. 'ஆர்.எக்ஸ்.' என்றால் இ.எல். 84. 'எக்ஸ்.எஃப்.' என்றால் இ.எல். 34. 'ஐ6' என்றால் இ.சி.சி. 83. '7எல்' என்றால் இ.88சி.சி. அதை ஒட்டி வரும் இலக்கம் வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றம் என்பதைச் சொல்லும். கீழ் வரியின் முதல் குறி ஆலை. 'பி' இங்கிலாந்தின் பிளாக்பர்ன் முல்லார்டு ஆலை, 'ஆர்' மிட்சம் ஆலை. சிறு முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹெர்லென். 'டி' ஜெர்மனியின் ஹாம்பர்க் வால்வோ ஆலை. அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், அப்புறம் மாதத்துக்கு 'ஏ' முதல் 'எல்' வரை ஓர் எழுத்து, கடைசியில் அந்த மாதத்தின் வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால், 1 என்பது 1961-ஆ 1971-ஆ என்பதை வடிவமைப்பு எண்ணையும் உள் அமைப்பையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் படிக்கவும் பக்கவாட்டு விளக்குதான். பூதக்கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவன வால்வுகள் சிலவற்றில், அடிக் கண்ணாடியில் பின்களுக்கு நடுவே ஒரு வைரக்கட்ட வடிவம் புடைத்து நிற்கும். அது கண்ணாடியிலேயே வார்த்தது, எந்தத் துணிக்கும் அழியாது.

கேள்வி: எழுத்து நன்றாகவே இருக்கும் வால்வுகளில் தூசியை எப்படி எடுப்பது?

முதலில் எல்லா எழுத்தையும் படம் எடுத்துவையுங்கள். பிறகு மென்மையான காய்ந்த தூரிகையால், எழுத்து இல்லாத இடத்தில் மட்டும் தட்டிவிடுங்கள். பிசுக்கு இருந்தால் பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, எழுத்துக்கு விரற்கடை தூரம் தள்ளி நிறுத்துங்கள். ஆல்கஹால், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், சோப்பு நீர் எதுவும் எழுத்தின் பக்கத்தில் வரக் கூடாது. எழுத்தைச் சுற்றி ஒரு மங்கலான தீவு நின்றால் நிற்கட்டும். பளபளப்பைவிட எழுத்து பெரியது.

எழுத்து அழிவதில் பாதி, வால்வைக் கழற்றும்போது நடக்கிறது. ஒன்பது பின் வால்வின் மேல் உலோகக் கூடு இருந்தால், அதை முடிந்தவரை திருகாமல் நேராகத் தூக்குங்கள். அது உரசும் இடத்தில்தான் பெரும்பாலும் எழுத்து இருக்கும். சிறிய வால்வுகளை உச்சியைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். ஆக்டல் வால்வுகளைக் கண்ணாடியில் பிடிக்கவே வேண்டாம், பேகலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆன அடியைப் பிடியுங்கள். பழைய பசை விட்டு, கண்ணாடி கையோடு வந்துவிடும்.

எழுத்தின் மேல் வார்னிஷ் பூசினால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வார்னிஷில் இருக்கும் கரைப்பான் தூளாகி நிற்கும் மையைக் கரைத்துவிடலாம். அவுட்புட் வால்வின் சூட்டில் வார்னிஷே பழுத்துப் புகையும்.

கேள்வி: எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த முறை இந்தப் பாடு படாமல் இருக்க, வால்வில் மறுபடி எழுத விரும்புகிறேன். எந்த மை, எங்கே எழுதுவது?

எங்கே என்பதை முதலில் சொல்கிறேன். பழைய நிழல் இருக்கும் பக்கத்தில் எழுதாதீர்கள். பலர் நிழலையே கோட்டுக்குக் கோடு தடவி எழுத ஆசைப்படுகிறார்கள். செய்து முடித்ததும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் 3-ஐ 8 என்று படித்திருந்தால், அதைப் பிறகு திருத்த யாராலும் முடியாது. மூல ஆதாரத்தை உங்கள் கையெழுத்து மூடிவிட்டிருக்கும். அதனால் எதிர்ப்பக்கம், அடியை ஒட்டிய கீழ்ப்பகுதி. பிளேட்டுக்கு நேரான நடுப்பகுதிதான் அதிகம் சுடும் இடம். அவுட்புட் வால்விலும் ரெக்டிஃபையரிலும் அங்கே கண்ணாடி 200 டிகிரி செல்சியஸை ஒட்டியே போகக்கூடும். சாதாரண மார்க்கர் மை அங்கே நிற்காது.

பொருள் என்றால், பொம்மை மாதிரிகளுக்குப் பூசும் வெள்ளை எனாமலும் மெல்லிய தூரிகையும் எனக்குப் பிடித்தவை. எண்ணெய் கலந்த பெயின்ட் பேனாவும் நன்றாக உழைக்கும். எழுதப்போகும் சிறு இடத்தை மட்டும் ஒரு துளி ஆல்கஹாலால் துடைத்து, எழுதி, நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகே வால்வைச் சூடாக்குங்கள். அடுப்பில் சுட்டு இறுக்கும் கண்ணாடிப் பெயின்ட் வகைகள் இதற்கு வேண்டாம். ஒரு எண்ணுக்காக வால்வின் அடிப்பசையையும் பின் இணைப்புகளையும் அடுப்பில் வாட்ட வேண்டியதில்லை.

வைர முனையால் கீறி எழுதலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: கூடவே கூடாது. உள்ளே வெற்றிடம், வெளியே காற்றழுத்தம், நடுவில் மெல்லிய கண்ணாடி. அதில் கீறல் என்பது விரிசலின் தொடக்கம். ஒட்டுக் காகிதமும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் படலமும் ஓடும் வால்வில் கருகும். ஓடாமல் பெட்டியில் இருக்கும் வால்வுக்கு நூலில் கட்டிய சீட்டு போதும், அதைவிடச் சிறந்தது இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் கண்ணால் கண்டது, மீட்டரில் அளந்தது, ஊகித்தது என்று மூன்று பத்தி போடுங்கள். என் நோட்டில் மூன்றாவது பத்தியை எப்போதும் பென்சிலில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் இருக்கும் இ.சி.சி. 83-இல் பெயர் அழிந்துவிட்டது. உள் அமைப்பைப் பார்த்தால் முல்லார்டு என்றுதான் தோன்றுகிறது. அந்தச் சின்னத்தையும் அச்சிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவர் முன்வந்திருக்கிறார். செய்யலாமா? பிறகு விற்கும் எண்ணமும் இருக்கிறது.

செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

வால்வின் எண்ணை எழுதும்போது, நீங்கள் சோதித்து உறுதி செய்த ஓர் உண்மையை எழுதுகிறீர்கள். அது தவறா என்று யார் வேண்டுமானாலும் டெஸ்டரில் போட்டுப் பார்க்கலாம். ஆலையின் சின்னம் அப்படியல்ல. இதை அந்த ஆலை செய்தது, அது பொறுப்பு என்று அந்த ஆலையின் வாயால் சொல்வது அது. அதைச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. பெயருக்காகவே கூடுதல் விலை கொடுக்கும் பொருள் இது. சாதாரண வால்வில் பெரிய பெயரை அச்சிட்டு விற்பது இந்தத் துறையின் பழைய நோய். உங்கள் வால்வு உண்மையிலேயே முல்லார்டாக இருந்தாலும், புது மை ஏறியதும் வாங்குபவர் கண்ணுக்கு அது சந்தேகப் பொருளாகிவிடும். உண்மையானதைப் போலியின் வரிசையில் நீங்களே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

ஆலைகளே ஒன்றன் வால்வில் இன்னொன்றின் பெயரை அச்சிட்டன என்பதும் உண்மை. முல்லார்டு 1920-களிலேயே பிலிப்ஸின் கைக்குப் போய்விட்டது. ஹெர்லென் ஆலையில் செய்த வால்வு அமெரிக்காவில் ஆம்பெரெக்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆகவே மேலே இருந்த மை முழுதாக இருந்திருந்தாலும், எந்த ஆலை என்பதற்கு அது முடிவான சாட்சி அல்ல. அடியில் இருக்கும் அரித்த குறியீட்டைத் தேடுங்கள். அது இருந்தால் நெருக்கத்தில் தெளிவாகப் படம் எடுத்து, மேல் அச்சு அழிந்துவிட்டது என்று எழுதி விற்றுவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் சின்னத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறியீட்டைத்தான் பார்ப்பார்கள். குறியீடும் இல்லை என்றால், 'இ.சி.சி. 83, தயாரிப்பாளர் பெயர் இல்லை' என்று எழுதி, டெஸ்டரின் அளவுகளைப் பக்கத்தில் போடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்க எண் எழுதியிருந்தால் அது வேறு வால்வு என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். 12ஏ.எக்ஸ்.7 என்பது இ.சி.சி. 83-தான். 6பி.க்யூ.5 என்பது இ.எல். 84. 5ஏ.ஆர்.4 என்பது ஜி.இசட். 34. நிழலில் சில எழுத்து மட்டும் தெரியும்போது இந்த இரட்டைப் பெயர்களையும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: 1930-களின் ரேடியோவில் சிவப்புப் பூச்சு உள்ள வால்வுகள் இருக்கின்றன. பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது, அதன் மேலிருந்த பொன்னிற எழுத்தும் கூடவே போகிறது. மறுபடி பெயின்ட் அடித்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பூச்சு அழகுக்காக மட்டும் போட்டதல்ல. சிவப்புக்கு அடியில் உலோகப் படலம் ஒன்று இருக்கிறது. வெளிச் சலனங்கள் உள்ளே புகாமல் காக்கும் கவசம் அது. அடிப்பக்கத்தில் கண்ணாடியைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி, அந்தப் படலத்தை ஒரு பின்னோடு இணைக்கிறது. செதில் அந்த இடத்தில் விட்டுப்போனால் கவசம் அறுந்துவிடும். ரேடியோ இரையும், சில நேரம் விசில் அடிக்கும். சாதாரணப் பெயின்ட் இதைச் சரிசெய்யாது.

உலோகப் படலத்துக்கும் அதற்குரிய பின்னுக்கும் இடையே மீட்டரில் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை, படலம் நன்றாக இருக்கும் இடத்தில் சில சுற்று இறுக்கமாகச் சுற்றி, பழைய கம்பியோடு சேர்த்துவிடுங்கள். படலமே பெரிதாக உதிர்ந்திருந்தால், மின்சாரம் கடத்தும் நிக்கல் பெயின்ட்டை அந்த இடத்தில் மட்டும் பூசலாம். எழுத்து மிச்சமிருக்கும் சிவப்புப் பகுதியைச் சுற்றி நிறுத்திக்கொள்ளுங்கள், அதன் மேல் ஏற்ற வேண்டாம். இந்த வால்வுகளைத் தண்ணீர் தொடவே கூடாது. ஈரம் பூச்சுக்கு அடியில் போனால் நல்ல பகுதியும் எழும்பிவிடும்.

உதிர்ந்த செதிலில் எழுத்து இருந்தால் எறியாதீர்கள். சிறிய உறையில் போட்டு வால்வின் சீட்டோடு கட்டிவையுங்கள்.

கேள்வி: எழுத்து மங்கிய வால்வு ஒன்றில் உச்சியில் இருக்க வேண்டிய வெள்ளிப் படலம் பால் வெள்ளையாக இருக்கிறது. எழுத்தை மீட்க எந்த முறை நல்லது?

அந்த வால்வுக்குள் காற்று போய்விட்டது. உச்சியில் பளபளக்கும் பேரியப் படலம், மிச்ச வாயுக்களைப் பிடித்து வெற்றிடத்தைக் காப்பதற்காக வைத்தது. காற்று புகுந்ததும் அது வெளுத்துவிடும். இனி அந்த வால்வு ஓடாது, எந்த ரேடியோவிலும் சொருக வேண்டாம்.

ஆனால் எண்ணை மட்டும் மூச்சுவிட்டுப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த சாக்கெட்டுக்கு எதை வாங்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். தலைமுடியில் உருட்டும் வழி, குளிர்விக்கும் வழி எல்லாவற்றையும் பழகிப் பார்க்கவும் இதுவே ஏற்ற வால்வு. இதில் கை பழகிய பிறகு நல்ல வால்வுகளைத் தொடுங்கள்.